உதடு மரத்துப்போன பிறகும் பல் வலித்தது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 34. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கீழ் இடப்பக்கக் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கியபோது மூன்று ஊசி போட்டார்கள். உதடும் நாக்கும் மரத்துப்போயின. பல்லைத் தொட்டால் மட்டும் உயிர் போகும் வலி. பயத்தால் வரும் வலி என்று சொல்லிவிட்டார்கள். இப்போது அதே பக்கம் ஞானப்பல்லை எடுப்பதற்காக சிபிசிடி ஸ்கேன் (தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே) எடுத்தேன். ‘கீழ்த்தாடை நரம்புக் கால்வாய் இரண்டாகப் பிரிந்துள்ளது’ என்று அறிக்கையில் இருக்கிறது. இது நோயா? பல்லை எடுக்கலாமா?

பதில்: அன்று உங்களுக்கு வலித்தது உண்மை. உதடு மரத்துப்போன பிறகும் பல் வலிக்கிறது என்று சொல்பவரை நம்பாமல் விடுவது, எங்கள் துறையில் இன்னும் தொடரும் தவறு.

கீழ்த்தாடை எலும்புக்குள், பற்களுக்கும் உதட்டுக்கும் போகும் நரம்பு ஓடும் குழாய்தான் இந்தக் கால்வாய். அது பிரிந்திருப்பது நோயல்ல, பிறவியில் அமைந்த வேறுபாடு. கருவில் கீழ்த்தாடையின் ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று தனி நரம்புகள் உருவாகி, பிறகு ஒன்றாகச் சேர்கின்றன என்று 1996இல் வெளியான ஓர் ஆய்வு விளக்கியது. அந்தச் சேர்க்கை முழுமை பெறாதபோது கால்வாய் கிளைவிட்டு நிற்கிறது. இது நினைப்பதுபோல் அரிதும் அல்ல. 1985இல் 6000 ஓபிஜி (முழுத் தாடையையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே) படங்களைப் பார்த்தவர்களுக்கு 57 பேரிடம்தான் இது தென்பட்டது. 2009இல் ஜப்பானில் 122 பேரின் முப்பரிமாணப் படங்களைத் துருவியபோது, சிறு கிளைகளையும் சேர்த்து, 65 சதவீதம் பேரிடம் காணப்பட்டது. ஓபிஜி என்பது வளைந்த தாடையைத் தட்டையாக விரித்துக் காட்டும் நிழல். மெல்லிய கிளை அதில் மறைந்துவிடும். எலும்பின் உள்பக்கத்தில் ஓடும் வரிப்பள்ளம் இரண்டாவது கால்வாய்போலத் தோன்றுவதும் உண்டு. சிபிசிடி குறுக்குவெட்டில் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஆனால் ‘இரண்டாகப் பிரிந்துள்ளது’ என்ற வரி மட்டும் போதாது. எங்கே பிரிகிறது என்று கேளுங்கள், ஏனென்றால் உங்கள் வலிக்கான விடை அங்கேதான் இருக்கிறது. தாடையின் பின்பகுதியில், உள்பக்கம், நரம்பு எலும்புக்குள் நுழையும் துளைக்கு அருகில்தான் ஊசி மருந்தைச் செலுத்துகிறோம். நரம்பு உள்ளே போன பிறகு பிரிந்தால் இரு கிளைகளும் மரத்துப்போக வேண்டும். துளைக்கு மேலேயே ஒரு கிளை விலகி, ஞானப்பல்லுக்குப் பின்னால் உள்ள சிறு துளை வழியாகத் தனியே நுழைந்தால், மருந்து அதைத் தொடாமல் போகலாம். முதன்மை நரம்பில் மருந்து பட்டு உதடு மரத்துவிடும். பல்லின் வலியைத் தனிக்கிளை மூளைக்குக் கொண்டுபோய்க்கொண்டே இருக்கும். அன்று பல்லில் கடும் அழற்சி இருந்திருந்தால் அதுவும் மருந்தின் பலனைக் குறைத்திருக்கும். ஆகவே எல்லாப் பழியையும் கால்வாய்மேல் போடவும் முடியாது.

ஞானப்பல்லை எடுப்பதற்கு இது தடையல்ல. அறிக்கைத் தாளோடு நிறுத்திவிடாமல், ஸ்கேன் பதிவு முழுவதையும் வாய், முக அறுவை சிகிச்சை நிபுணரிடம் கொடுத்து, முன்பு நடந்ததை ஊசி போடுவதற்கு முன்பே சொல்லுங்கள். தாடை மூட்டின் கழுத்துப் பகுதியை ஒட்டி உயரத்தில் போடும் ஊசிமுறை ஒன்று உண்டு. ஆஸ்திரேலியப் பல் மருத்துவர் கோ-கேட்ஸ் 1973இல் வெளியிட்டது. நரம்பு கிளைவிடுவதற்கு முன்பே அதை மரக்கச் செய்ய இம்முறை உதவும். பல்லைச் சுற்றிய இணைப்புத் திசுவிலும் மருந்து செலுத்தலாம். வலித்தால் இடக்கையை உயர்த்துவேன், உடனே நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். சகித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

கிளை ஞானப்பல்லுக்குப் பின்னால் போகிறது என்றால், ஈறைக் கீறும் இடத்தை மருத்துவர் பார்த்துத் தேர்ந்தெடுப்பார். அதனுடன் இரத்தக் குழாயும் வருவதால் அறுபட்டால் கசிவு கூடும். பிடுங்கிய பல்லின் இடத்தில் பின்னாளில் இம்பிளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) வைக்க நினைத்தாலும் இந்தப் பதிவு வேண்டும். கால்வாயிலிருந்து குறைந்தது 2 மி.மீ. விலகி நிற்கவேண்டும் என்ற வழக்கமான எல்லையை இரண்டாவது கிளைக்கும் சேர்த்தே அளக்கச் சொல்லுங்கள்.

பல் எடுத்த அன்று சில மணி நேரம் உதடு மரத்திருப்பது இயல்பு. மறுநாள் காலையிலும் உதட்டிலோ தாடை நுனியிலோ மரமரப்பு இருந்தால், தையல் பிரிக்கும் நாள்வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.