பழைய பீர் ஆலை ஏன் வெறும் செங்கல் பெட்டியாக நிற்கிறது?

கேள்வி: பெங்களூர் ஃபிரேசர் டவுனில் இருக்கிறேன். எங்கள் கொள்ளுத்தாத்தா கண்டோன்மெண்ட் காலத்துப் பீர் ஆலை ஒன்றில் வேலை பார்த்தவர். அந்த ஆலை இப்போது இல்லை. வீட்டில் இருப்பது இரண்டே படங்கள். ஒன்றில் வளைவு வாசல் முன்னால் தொழிலாளர்கள் நிற்கிறார்கள், இன்னொன்றில் தூரத்தில் கூரையும் புகைபோக்கியும் தெரிகின்றன. இதை நகரம் கட்டும் கணினி விளையாட்டான ‘சிட்டிஸ்: ஸ்கைலைன்ஸ்’ முதல் பாகத்துக்கு மாடலாகச் செய்ய, பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் முயன்றேன். செங்கல் பெட்டி மாதிரி நிற்கிறது, பக்கத்துக் கட்டடங்களோடு அளவு ஒட்டவில்லை, கேமரா தள்ளிப் போனால் அழுக்குக் கட்டியாகிவிடுகிறது. எங்கே திருத்துவது?

பதில்: மூன்று குறைகளில் முதலாவதுதான் பெரியது. மற்ற இரண்டும் அளவையும் கோப்பையும் சரி செய்தால் தீர்ந்துவிடும்.

வெளிச்சுவரிலிருந்து தொடங்கியதால்தான் பெட்டியாகிவிட்டது. பழைய பீர் ஆலையின் உருவத்தை முடிவு செய்தது உள்ளே நடந்த வேலை. மால்ட், அதாவது முளைகட்டிக் காய வைத்த பார்லி, எங்கே நுழைந்தது, எந்த அறையில் என்ன ஆனது, பீப்பாயாக எந்த வாசலில் வெளியேறியது என்று முதலில் ஒரு தாளில் கோடு போடுங்கள். உங்கள் படங்களில் இல்லாத பக்கங்களை அந்தக் கோடு காட்டிக்கொடுக்கும்.

19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய ஆலைகளில் முடிந்தவரை எல்லாம் மேலிருந்து கீழே இறங்கும். மால்ட் மூட்டைகளைக் கப்பி வைத்து உச்சிக்கு ஏற்றுவார்கள். அதனால் உச்சி மாடியில் சுவரை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மரக்கூண்டும், அதன் கீழே நேர்கோட்டில் மாடிக்கு ஒரு கதவும் இருக்கும். உச்சியிலிருந்து மால்ட் அரவை இயந்திரத்துக்கு இறங்கி, அடுத்த தளத்தில் வெந்நீரோடு கலந்து ஊறும். வடித்த சாறு செப்புக் கொப்பரையில் ஹாப்ஸ் என்ற கசப்புப் பூக்களோடு கொதிக்கும். கொதிக்கும் கூடத்தில் நீராவி அடைத்துக்கொள்ளும் என்பதால் கூரை முகட்டில் காற்றுப்போக்கி கட்டியிருப்பார்கள். கொதித்த சாற்றை ஆழமில்லாத அகலத் தொட்டிகளில் பரப்பி ஆற வைப்பார்கள். பல ஆலைகளில் இதற்காக மட்டும் சாற்றை பம்பு வைத்து மறுபடி மேலே ஏற்றினார்கள். காற்று குறுக்கே ஓட வேண்டும் என்பதால் அந்த அறைக்குக் கண்ணாடி ஜன்னல் கிடையாது, சுவர் நீளத்துக்கும் சாய்பலகைத் திறப்புகள்தான். நொதிக்கும் அறைக்கு வெயில் ஆகாது, அங்கே ஜன்னல் குறைவு. கீழே பீப்பாய் வைக்கும் நிலவறைக்குத் தடித்த சுவரும் தரையை ஒட்டிய சின்னத் துவாரங்களும்.

இப்போது உங்கள் மாடலைப் பாருங்கள். எல்லா மாடியிலும் ஒரே ஜன்னல், ஒரே இடைவெளி என்றுதான் வைத்திருப்பீர்கள். அதை மாற்றினாலே பாதி வேலை முடிந்தது. புகைபோக்கியையும் கவனியுங்கள். அது பெரும்பாலும் கொதிகலன் கொட்டகையை ஒட்டித் தரையிலிருந்தே எழும்பும். பலர் அதைக் கூரை நடுவில் செருகிவிடுகிறார்கள், பார்த்தவுடனே பொய் தெரிகிறது.

அடுக்கடுக்கான இந்த அமைப்பைத் தெளிவாகப் பார்க்க இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் உள்ள ஹூக் நார்ட்டன் ஆலையின் படங்களைத் தேடுங்கள். வில்லியம் பிராட்ஃபோர்ட் வடிவமைத்த ஆறு அடுக்குக் கோபுரம் அது. 1900 வாக்கில் கட்டி முடித்தது, இன்றும் பீர் காய்ச்சுகிறது. ஆனால் அதை அப்படியே பெங்களூரில் இறக்கிவிடாதீர்கள். உங்கள் தூரப் படத்தில் கோபுரம் தெரியவில்லை என்றால் இல்லாததைக் கட்ட வேண்டாம். அதே படிகளைப் பக்கவாட்டில் பிரித்து, இரண்டு மூன்று தளக் கூடங்களை ஒட்டி ஒட்டி வையுங்கள். கூரைகள் மட்டும் வெவ்வேறு உயரத்தில் இருக்கட்டும்.

அப்புறம், எந்த ஆண்டின் கட்டடம் என்பதை முடிவு செய்யுங்கள். கண்டோன்மெண்ட் 1809இல் வந்தது. பீர் குடிக்கும் சிப்பாய்களும் வந்தார்கள். நொதிப்பதற்குக் குளிர்ச்சி வேண்டும். சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூர் சமவெளி ஊர்களைவிட அதற்குத் தோதான இடம். தென்னிந்தியாவின் சிறிய ஆலைகள் சிலவற்றைச் சேர்த்து 1915இல் தாமஸ் லீஷ்மேன் யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். இங்கே மின் விளக்கு வந்தது 1905இல், சிவனசமுத்திரத்திலிருந்து. அதற்கு முந்தைய ஆலை என்றால் மின்கம்பம், வெளிவிளக்கு எதுவும் வேண்டாம். 1930க்குப் பிந்தியது என்றால் சாய்பலகைத் திறப்புகளில் சிலவற்றைச் செங்கல் வைத்து அடைத்த மாதிரி காட்டுங்கள். குளிரூட்டும் இயந்திரம் வந்த பிறகு திறந்த தொட்டிக்குத் தேவை குறைந்துபோனது. டெக்ஸ்ச்சரில், அதாவது மாடல் மேல் போர்த்தும் படத்தில், நிறம் கொஞ்சம் மாறிய ஒரு வளைவு போதும், கட்டடத்துக்கு வயது வந்துவிடும். எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இது.

அளவுக்கு வருவோம். உங்களிடம் இருப்பதிலேயே விலைமதிப்புள்ள அளவுகோல் தொழிலாளர்கள் நிற்கும் படம். ஆங்கிலேயர் கால 9 அங்குலச் செங்கல் என்றால், சாந்தோடு சேர்த்து 4 வரிசை ஏறக்குறைய 1 அடி. வாசல் உயரத்துக்கு எத்தனை வரிசை என்று எண்ணுங்கள். நாட்டுச் செங்கல் இதைவிட மெலிசு, ஆகவே பக்கத்தில் நிற்கும் ஆளின் உயரத்தோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். இரண்டும் ஒத்துவந்தால் அந்த அளவை நம்பலாம். சாய்ந்த கோணத்தில் எடுத்த தூரப் படத்துக்கு எஃப்ஸ்பை என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. படத்தின் கோடுகளை வைத்து அன்றைய கேமரா நின்ற கோணத்தைக் கணக்கிட்டு பிளெண்டருக்கு அனுப்பும். வாசலின் அளவு தெரிந்தால் புகைபோக்கியின் உயரத்தையும் ஓரளவு பிடித்துவிடலாம்.

விளையாட்டில் 1 அலகு என்பது 1 மீட்டர், தரையின் ஒரு கட்டம் 8 மீட்டர். அடியில் எடுத்த அளவுகளை 0.3048ஆல் பெருக்காமல் போட்டால் கட்டடம் மூன்று மடங்கு வீங்கிவிடும். பக்கத்து வீடுகளோடு ஒட்டாததற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். 60 அடிக் கட்டடம் 18.3 மீட்டர், அவ்வளவுதான். 40க்கு 32 மீட்டர் வளாகம் என்றால் 5க்கு 4 கட்டம். பிளெண்டரில் அளவையும் சுழற்சியையும் ‘அப்ளை’ செய்த பிறகே, விளையாட்டு ஏற்கும் எஃப்பிஎக்ஸ் கோப்பாக எடுங்கள்.

டெக்ஸ்ச்சருக்கு இணையத்துச் செங்கல் வேண்டாம், பெரும்பாலும் ஐரோப்பியச் செங்கலாக இருக்கும். உங்கள் ஃபிரேசர் டவுனிலேயே பழைய பங்களாக்களின் மங்களூர் ஓடும் சுண்ணாம்புப் பூச்சும் மிச்சமிருக்கின்றன. அடித்தளத்துக்குச் சாம்பல் நிறக் கருங்கல் ஊரெங்கும் கிடைக்கும். மேகம் மூடிய நாளில் எடுங்கள், படத்தில் நிழல் விழக்கூடாது. ஜூலை, ஆகஸ்டில் இந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. முழு வளாகத்துக்கும் 1024 அல்லது 2048 பிக்சலில் ஒரே தாள் போதும். சாய்பலகைகளை ஒவ்வொன்றாகச் செதுக்காதீர்கள், மேடு பள்ளம் இருப்பதுபோல் காட்டும் நார்மல் மேப் பார்த்துக்கொள்ளும். மாடலின் பரப்பு முக்கோணங்களால் ஆனது, அவற்றை வானத்தை வெட்டும் கோடுகளுக்குச் செலவழியுங்கள்: கூரை விளிம்பு, மரக்கூண்டு, காற்றுப்போக்கி, புகைபோக்கியின் தலை.

தூரத்தில் அழுக்குக் கட்டியாவதற்குக் காரணம் எல்ஓடி, அதாவது தொலைவுக்கான எளிய மாடல். அதை நீங்கள் தராவிட்டால் விளையாட்டே ஒன்றை உருவாக்கிக்கொள்ளும், அது பெரும்பாலும் மோசமாகத்தான் இருக்கும். நீங்களே செய்யுங்கள். கூடங்களுக்கு எளிய பெட்டிகள், சரிவுக் கூரைகள், புகைபோக்கிக்கு நான்கு பக்கத் தூண் என்று 200 முக்கோணத்துக்குள் முடிக்கலாம். முதன்மைக் கோப்பின் பெயரோடு _எல்ஓடி என்ற பின்னொட்டை ஆங்கில எழுத்தில் சேர்த்து அதே இம்போர்ட் ஃபோல்டரில் வையுங்கள், டெக்ஸ்ச்சரும் தனியாக வேண்டும். ஒரு எச்சரிக்கை: முதன்மை மாடலில் ஒரே செங்கல் படத்தைத் திரும்பத் திரும்ப வர வைக்கலாம், எல்ஓடியில் கூடாது. எல்லாக் கட்டடங்களின் எல்ஓடி டெக்ஸ்ச்சர்களையும் விளையாட்டு ஒரே தாளில் சேர்ப்பதால், உங்கள் யூவி, அதாவது எந்தப் பரப்பில் படத்தின் எந்தப் பகுதி என்ற வரைவு, எல்லை தாண்டினால் பக்கத்துக் கட்டடத்தின் நிறம் உங்கள் சுவரில் ஏறும்.

விளையாட்டின் அசெட் எடிட்டரில் தனித்துவக் கட்டடம் ஒன்றை வார்ப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்பேட்டைக் கட்டடமாகச் செய்தால் 4க்கு 4 கட்டத்துக்குள் அடங்க வேண்டும், விளையாட்டு தன் இஷ்டத்துக்கு அங்கங்கே முளைக்கவும் வைக்கும். உங்கள் குடும்பத்து ஆலை நகரத்தில் ஒன்றுதான் இருக்க வேண்டும் அல்லவா? முற்றத்துக்குத் தார் போட வேண்டாம், செம்மண்ணே சரி. பீப்பாய் ஏற்றும் மேடையை மாட்டுவண்டித் தட்டின் உயரத்துக்கு, 3 அடி போல, வையுங்கள்.

மாடல்களைப் பகிரும் ஸ்டீம் ஒர்க்‌ஷாப் தளத்தில் ஏற்றும்போது, வாசலும் புகைபோக்கியும் படத்திலிருந்து எடுத்தவை, மற்றவை வேலைமுறையை வைத்து ஊகித்தவை என்று விளக்கத்தில் தெளிவாக எழுதிவிடுங்கள். அதே ஆலையின் இன்னொரு படம் வைத்திருப்பவர் யாராவது பார்த்தால், எந்தச் சுவரைத் திருத்தலாம் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதனால் பிளெண்டர் கோப்பைக் கூடம் கூடமாகத் தனித்தனியே வைத்திருங்கள்.