தவணை கட்டிவிடலாம், டயருக்கு என்ன செய்வீர்கள்?

கேள்வி: வயது 34. அலுவலகம் 22 கி.மீ. தூரம். இப்போது 110 சிசி ஸ்கூட்டரில் போய் வருகிறேன். அதை விற்றுவிட்டு, நெடுநாள் ஆசையான 900 சிசி பைக்கை ஐந்தாண்டுக் கடனில் வாங்கித் தினமும் அதிலேயே வேலைக்குப் போக நினைக்கிறேன். தவணை, சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். வாங்கலாமா?

பதில்: பைக்கை வாங்குவதைக்கூட நான் தடுக்கமாட்டேன். ஸ்கூட்டரை மட்டும் விற்காதீர்கள்.

நீங்கள் தவணையை மட்டுமே கணக்கில் எடுத்திருக்கிறீர்கள். தினமும் 44 கி.மீ., ஆண்டுக்கு 250 வேலைநாள் என்றால் 11,000 கி.மீ. லிட்டருக்கு 18 கி.மீ. ஓடும் பைக்குக்கு 600 லிட்டருக்கு மேல் பெட்ரோல் வேண்டும், 50 கி.மீ. தரும் ஸ்கூட்டருக்கு 220 லிட்டர் போதும். ஆனால் பெட்ரோலைவிட டயர்தான் பலரையும் திகைக்க வைக்கிறது. இத்தகைய பைக்கில் வரும், சாலையை இறுகப் பற்றும் மென்மையான பின் டயர் பெரும்பாலும் 10,000 கி.மீ.க்குள் முடிந்துவிடும். நேர்சாலையிலேயே ஓடுவதால் நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்திருக்கும். ஓரங்களில் புது ரப்பரின் மெல்லிய முடிகள் அப்படியே நிற்கும். பாதி டயர் புதிதாக இருந்தும் முழு விலை கொடுத்து மாற்றியாக வேண்டும். செயின், அது சுற்றும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட், எஞ்சின் வால்வுகளின் இடைவெளிச் சோதனை எல்லாம் இரண்டு மூன்று ஆண்டுகளில் அடுத்தடுத்து வந்து நிற்கும்.

நெரிசலில் ரேடியேட்டர் விசிறி சுழன்று தொடையில் அனல் அடிக்கும்போது, 200 கிலோ வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்துவது சுகமில்லை. சில மாதங்களில் அலுத்துப்போய் வாடகைக் காரில் ஏறுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்போது தவணையும் போகும், கார் வாடகையும் போகும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது கடைசிக் கணக்கு. இரண்டே ஆண்டில் ஓடோமீட்டர் 22,000 கி.மீ. காட்டும். முன்பணம் குறைவாகக் கட்டியிருந்தால், அப்போது விற்கப் போனால் கிடைக்கும் விலை மீதிக் கடனை அடைக்கப் போதாமல் போகலாம். ஸ்கூட்டர் கையில் இருந்தால் பைக் வார இறுதிக்கு மட்டும் ஓடும். டயரும் நீடிக்கும், மறுவிற்பனை விலையும் அவ்வளவாக இறங்காது.

முன்பணம் கட்டுமுன், காப்பீட்டுக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். தரமான ஹெல்மெட், கையுறை, ஜாக்கெட் செலவையும் சேருங்கள். பிறகு தவணை, காப்பீடு, பராமரிப்பு மூன்றுக்குமான மாதத் தொகையை ஆறு மாதம் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். ஒருமுறைகூட அதில் கைவைக்காமல் இருந்தால், சேர்ந்த பணத்தை முன்பணத்தோடு கூட்டி, கடனை மூன்றாண்டாகக் குறைத்து வாங்குங்கள்.