பழம்பெரும் அரங்கக் கட்டடங்களைப் பார்க்கப் போவதில் அப்படி என்ன ஈர்ப்பு இருக்கிறது?

என்னைப் பொறுத்தவரை, ஒலிபெருக்கி வருவதற்கு முன்பு மனிதக் குரலை மட்டுமே நம்பிக் கட்டப்பட்ட இடங்கள் அவை என்பதில்தான் அந்த ஈர்ப்பின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. சென்னை எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் 1896இல் எழுந்த அரங்கில், அரைவட்டமாகப் படிப்படியாக உயரும் இருக்கைகளில் அமர்ந்தால், நடிகரின் சொல் கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டும் என்ற அக்கறை அந்த வளைவிலேயே தெரியும். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள விக்டோரியா பொதுமண்டபத்தில், பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபையினர் நாடகம் நடத்தினார்கள் என்பதை அறிந்து நுழைபவருக்கு, அது வெறும் செங்கல் கட்டடமாகத் தோன்றாது.

எங்கள் குமரி மாவட்டத்தில் நான் மீண்டும் மீண்டும் போக விரும்புவது தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையின் நவராத்திரி மண்டபத்துக்குத்தான். அரண்மனையின் பெரும்பகுதி மரமும் ஓடுமாக இருக்க, இது மட்டும் சிற்பத் தூண்கள் தாங்கும் கருங்கல் மண்டபமாக நிற்கிறது. தூண்களின் சாயல் படியும் அளவுக்குத் தரையை மெருகேற்றியிருக்கிறார்கள். இசையும் நடனமும் இங்கே அருகிலுள்ள சரசுவதி கோயிலின் முன்னிலையில் நடந்தன. அரச குடும்பத்துப் பெண்கள், தாங்கள் பிறர் கண்ணில் படாமல், துளைகளிட்ட தடுப்புக்குப் பின்னால் அமர்ந்து கலை நிகழ்ச்சிகளைக் கண்டார்கள். யார் எங்கே அமரலாம், யார் யாரைப் பார்க்கலாம் என்ற அக்கால ஒழுங்கு முழுவதும் அந்த ஒரு தடுப்பில் பதிந்திருக்கிறது. மண்டபத்தின் அழகில் மயங்கும் நாம் அந்தப் பெண்களையும் நினைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அரசர்களின் மண்டபம் கல்லில் நிலைத்தது. மக்களின் நாடகமோ கொட்டகையில் நடந்து, கொட்டகையோடு போய்விட்டது. நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், சிறுவனாக நாடகக் கொட்டகையில் சோடா விற்றபடியே நடிப்பைப் பார்த்து வளர்ந்தவர். அவரை உருவாக்கிய அத்தகைய கொட்டகைகள் கீற்றும் மூங்கிலுமாக இருந்ததால், இன்று போய்ப் பார்ப்பதற்கு நமக்கு எதுவும் எஞ்சவில்லை. நிலைத்து நிற்கும் பழைய அரங்குகளை இன்னும் கவனமாகக் காப்பாற்ற வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இந்த இழப்பும் ஒரு காரணம்.

நீங்கள் வருவதாக இருந்தால், பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதை நினைவில் கொள்ளுங்கள். கூட்டம் சேர்வதற்கு முன் காலையிலேயே மண்டபத்துக்குள் சென்று, வழிகாட்டி பேசும்போது தூண்களுக்கிடையே அவர் குரல் எப்படிக் கனம் பெறுகிறது என்று கேளுங்கள். நவராத்திரிக்குச் சற்று முன்னதாக வந்தால், இங்கிருந்து சரசுவதி சிலை திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் புறப்படுவதையும் காணலாம்.