ஆய்வு உதவி மையம்: கணினி வாங்குமுன் ஆளை முடிவு செய்யுங்கள்

கேள்வி: அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் உதவி நூலகராக இருக்கிறேன். அச்சு ஆய்விதழ்கள் குறைந்துபோனதால் முதல் தளத்தில் சுமார் 1,000 சதுர அடிக் கூடம் காலியாகியிருக்கிறது. அதை ஆய்வு உதவி மையமாக்கலாம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. 20 கணினிகள் வாங்கப் பணம் உண்டு. புதுப் பணியிடம் கிடையாது. நானும் நூலக உதவியாளர் ஒருவரும்தான். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கணினி வாங்குவதற்கான கோப்பைக் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு நூலகத்தில் கணினியில்தான் தொடங்கினோம். குளிர்சாதனம், கண்ணாடித் தடுப்பு, சுழல் நாற்காலி எல்லாம் வந்தன. ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், இளங்கலை மாணவர்கள் அங்கே தேர்வு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். ஆய்வாளர் யாரையும் காணோம். அவர்களிடம் மடிக்கணினி இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும், அந்த ஒருவரை நாங்கள் ஏற்பாடு செய்யவே இல்லை.

ஆகவே முதல் வேலை, உங்கள் இருவரின் நேரத்தை எழுத்தில் வாங்குவது. வார நாள்களில் பிற்பகல் இரண்டு மணி நேரம் போதும். அந்த நேரத்தில் புத்தகம் வழங்கும் மேசைக்கோ, தர மதிப்பீட்டுக்கு வரும் நாக் குழுவுக்கான புள்ளிவிவரம் தொகுக்கவோ உங்களைக் கூப்பிடக்கூடாது என்று நூலகர் கையொப்பத்துடன் சுற்றறிக்கை வரட்டும். சனிக்கிழமை மட்டும் முழு நாளும் திறந்திருங்கள். பகுதிநேர ஆய்வாளர்களில் பலர் கல்லூரி ஆசிரியர்கள். பேருந்து பிடித்து நெறியாளரைப் பார்க்க வருவது அன்றைக்குத்தான். அவர்கள் வரும் நாளில் பூட்டிக் கிடந்தால் மையம் யாருக்கு? சனிக்கிழமை வேலைக்கு ஈடான விடுப்பையும் அதே சுற்றறிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னால் கேட்டால் கிடைக்காது.

அப்புறம், என்ன கேள்விகள் வரும் என்பதற்கு இருவரும் தயாராக வேண்டும். அதிகம் வரப்போவது, ‘இந்த ஆய்விதழில் கட்டுரை போடலாமா?’ என்பது. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஏற்றுக்கொண்ட ஆய்விதழ்களின் ‘யுஜிசி-கேர்’ பட்டியல் இருந்தவரை அதைத் திறந்து காட்டினால் முடிந்தது. 2025 தொடக்கத்தில் யுஜிசி அதைக் கைவிட்டது. மதிப்பிடும் பொறுப்பு இப்போது நிறுவனங்களிடம் வந்திருக்கிறது. ‘மூன்றே நாளில் வெளியீடு’ என்று வாட்ஸ்அப்பில் வரும் அழைப்பை நம்பிப் பணம் கட்டிய பிறகு வருகிற ஆய்வாளரைப் பார்த்தால் மனம் கனக்கிறது. கட்டுவதற்கு முன் அவர் உங்களிடம் வர வேண்டும். ஆய்விதழின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னைச் சரிபார்ப்பது, ஆசிரியர் குழுவில் உள்ள பேராசிரியர் தம் பல்கலைக்கழகப் பக்கத்தில் உண்மையிலேயே இருக்கிறாரா என்று தேடுவது, பழைய இதழ்களில் இரண்டு கட்டுரையைப் படிப்பது: இதைச் சேர்ந்து உட்கார்ந்து ஒருமுறை செய்து காட்டினால் அடுத்த முறை அவரே செய்துகொள்வார்.

அடுத்தது ஒப்புமை அறிக்கை, அதாவது ஆய்வேட்டில் எத்தனை விழுக்காடு பிறர் எழுத்தோடு ஒத்திருக்கிறது என்று சோதனை மென்பொருள் தரும் கணக்கு. யுஜிசியின் 2018ஆம் ஆண்டு விதிப்படி 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத காலக்கெடுவில் திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை போனால் திருத்திய ஆய்வேட்டைத் தர ஓராண்டு தடை, 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. முறையாகச் சான்று காட்டிய மேற்கோள், துணைநூற்பட்டியல், தற்செயலாகத் தொடர்ந்து ஒத்துவரும் 14 சொற்கள் வரை ஆகியவை கணக்கில் வராது. இதெல்லாம் தெரியாமல் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பதறுகிறவர்கள் ஏராளம். எங்கே சான்று விடுபட்டது என்று காட்டுங்கள். ‘சதவீதத்தை மட்டும் குறைத்துக் கொடுங்கள்’ என்று யார் கேட்டாலும், அது நெறியாளராகவே இருந்தாலும், முடியாது என்று சொல்லுங்கள். வாக்கியத்தை மாற்றி எழுதித் தருவதும் அட்டவணையைத் தட்டச்சு செய்து தருவதும் உங்கள் வேலையே அல்ல. இந்த எல்லையை முதல் நாளே சுவரில் ஒட்டிவிடுவது நல்லது.

தமிழ்த் துறை ஆய்வாளர்களுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஆய்வேடு திரையில் தமிழாகத் தெரிந்தாலும், கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள். சோதனை மென்பொருளால் அதைப் படிக்க முடியாது. ஒப்புமை குறைவாக வந்தாலும் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் ஷோத்கங்கா இணையதளத்தில் ஏற்றிய பிறகும் உள்ளே எந்தச் சொல்லையும் தேட முடியாது. ஐந்து வருட உழைப்பு இப்படி யார் கண்ணிலும் படாமல் போவது எனக்குப் பெரிய வருத்தம். எனவே, ஆய்வுக்குப் பதிவு செய்தவுடனேயே அவரைக் கூப்பிட்டு, கோப்புக்குள்ளும் தமிழாகவே பதிவாகும் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். கடைசி மாதத்தில் மாற்றினால் ஒவ்வொரு பக்கத்தையும் மறுபடி பிழை பார்க்க வேண்டியிருக்கும்.

2025 ஜனவரி முதல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 30 பதிப்பகங்களின் 13,000 ஆய்விதழ்கள் வரை அரசு நிறுவனங்களுக்குத் திறந்திருக்கின்றன. உங்கள் ஆய்வாளர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். வீட்டிலிருந்தே அதற்குள் நுழையும் கணக்கைத் தொடங்கிக் கொடுப்பது, ஸோட்டிரோ என்ற மேற்கோள் மென்பொருளை நிறுவி மேற்கோள் குறிக்கக் கற்றுத் தருவது இரண்டையும் உங்கள் நூலக உதவியாளர் ஒரே வாரத்தில் பழகிக்கொள்வார். அவரைக் கதவு திறக்கவும் கையெழுத்து வாங்கவும் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

புள்ளியியல் சந்தேகத்துக்கு நீங்கள் பதில் சொல்ல முயல வேண்டாம். அத்துறை ஆசிரியர் ஒருவரை வாரம் ஒரு பிற்பகல் வரச் சொல்லி, அவருடைய வேலைப் பளுவில் அதைச் சேர்க்கும்படி துறைத் தலைவரிடம் கேளுங்கள். ஆய்வேடு சமர்ப்பித்துவிட்டு வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருக்கும் ஆய்வாளர்கள் இரண்டு பேர் கிடைத்தாலும் நல்லது. மதிப்பூதியம் கொடுத்து அழைத்துக்கொள்ளுங்கள். அனுபவம் சுடச்சுட இருப்பவர்கள் அவர்கள்.

அறைக்குப் பெரிய செலவு இல்லை. ஆறேழு மேசை, ஒவ்வொரு இருக்கைக்கும் இரண்டு மின்செருகி, ஒரே பக்கத்தில் இரண்டு நாற்காலி போட்ட ஆலோசனை மேசை, அதில் ஒரு பெரிய திரை. எதிரெதிரே உட்கார்ந்தால் அலுவலகக் கவுன்டர் போல ஆகிவிடும். ஒப்புமை அறிக்கையைப் பேசுவதற்குக் கதவுள்ள சின்ன அறை ஒன்று கட்டாயம் வேண்டும். அதைப் பிறர் முன்னால் விரித்துப் பேச யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். மீதி இடத்தைக் காலியாகவே விடுங்கள். நான்கு கணினிகளுடன் தொடங்கலாம்.

முதல் நாளிலிருந்து ஒரு குறிப்பேடு வையுங்கள்: தேதி, துறை, கேள்வி, ஆன நேரம், சொன்ன பதில். ஆய்வாளரின் பெயர் வேண்டாம். மூன்றாவது பணியாளர் கேட்டு நீங்கள் எழுதும் கோப்புக்கு அந்தக் குறிப்பேடுதான் ஆதாரம். உங்களுக்கோ உதவியாளருக்கோ பிரிவு மாற்றம் வந்தால், புதிதாக வருகிறவர் அதை இரண்டு நாள் உட்கார்ந்து படித்துவிட்டு மேசைக்கு வரலாம்.