மத்தேயு 17:21 எங்கே போனது?

கேள்வி: சார், மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருஷம் இருந்துவிட்டு, இப்போது டவுனில் வாடகை வீட்டில் இருக்கிறோம். போன வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில், ஜெபமும் உபவாசமும் இல்லாமல் இந்த ஜாதிப் பிசாசு போகாது என்கிற மத்தேயு 17:21-ஐ வாசித்தேன். பக்கத்தில் இருந்த என் மகன் போனை நீட்டி, "அம்மா, இதில் அந்த வசனமே இல்லை" என்றான். பார்த்தால் 20-க்கு அப்புறம் 22. யார் எடுத்தது? ஒரு வசனத்தை எடுக்க முடியும் என்றால் மற்றதை எல்லாம் எப்படி நம்புவது? இன்னொன்றும் கேட்க வேண்டும். போன புத்தாண்டு ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டையில் (வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வசனம் எடுப்போமே, அது) இருந்தது எரேமியா 29:11. அந்த வருஷம்தான் தோட்டம் கைமாறியது, வீட்டைக் காலி செய்தோம். என் விசுவாசத்தில் குறையா?

பதில்: அக்கா, உங்கள் பைபிளையும் மகனுடைய போனையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் வேண்டும்.

என் அம்மாவிடம் ஒரு பாட்டு நோட்டு இருந்தது. நீல அட்டை, ஓரமெல்லாம் ஒட்டுப்பால் கறை. அந்தக் காலத்தில் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஆறு கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒரே ஒரு கீர்த்தனைப் புத்தகம்தான். ஆளாளுக்கு நோட்டு வாங்கிப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். அம்மாவுடையதைப் பார்த்துச் சித்தி எழுதினார். சித்தியுடையதைப் பார்த்துப் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் எழுதினார்கள். அம்மா போன பிறகு மூன்று நோட்டுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தேன். ஒரு பாட்டுக்கு அம்மா நோட்டில் நான்கு சரணம், மற்ற இரண்டிலும் ஐந்து. அந்த ஐந்தாவது சரணம் வேறொரு பாட்டினுடையது, ராகம் ஒன்று. பாடிப் பாடிப் பழகிய சித்தி, 'அக்கா ஒரு சரணத்தை விட்டுவிட்டாளே' என்று நினைத்துச் சேர்த்திருக்கிறார். அவரைப் பார்த்து எழுதியவர்களுக்கு அது பாட்டின் பகுதியாகவே ஆகிவிட்டது.

மத்தேயு 17:21-க்கும் ஏறக்குறைய இதுதான் நடந்தது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. வலிப்பு வந்து தீயிலும் தண்ணீரிலும் விழுகிற பையனை இயேசு குணமாக்கிய சம்பவம் மாற்கு 9-ஆம் அதிகாரத்திலும் இருக்கிறது. அங்கே 29-ஆம் வசனத்தில் "இவ்வகைப் பிசாசு" ஜெபத்தினால்தான் போகும் என்று இயேசு சொல்கிறார். இரண்டு சுவிசேஷங்களையும் மனப்பாடமாகத் தெரிந்த ஒருவர் மத்தேயுவைப் பார்த்து எழுதும்போது, மாற்கில் இருக்கும் வரி இங்கே விட்டுப்போனதாக நினைத்துச் சேர்த்திருக்கிறார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. விட்டுவிட்டால் பாவம் என்று பயந்திருப்பார்.

இது எப்படித் தெரியும்? கையெழுத்துப் பிரதிகளை அடுக்கி வைத்துப் பார்த்துத்தான். புதிய ஏற்பாட்டுக்குக் கிரேக்கத்தில் மட்டும் 5,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள் உண்டு. சில கையகலத் துண்டுகள், சில முழுப் புத்தகங்கள். 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இரண்டு பெரிய பிரதிகளில் ஒன்று வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. மற்றொன்று சினாய் மலையடிவாரத்துக் கேத்தரீன் மடத்தில் கிடைத்தது. அதன் பெரும்பகுதி இப்போது லண்டனில். இரண்டிலும் பிரதியை முதலில் எழுதியவர் இந்த வசனத்தை எழுதவில்லை. சினாய்ப் பிரதியில் பிற்காலத்தில் திருத்திய ஒருவர் அதைச் சேர்த்திருக்கிறார். சித்தி சரணம் சேர்த்த இடத்தையே கண்ணால் பார்ப்பது மாதிரி இது. அந்தப் பிரதியின் பக்கங்களை இணையத்தில் படமாகவே போட்டிருக்கிறார்கள். மகனுக்குச் சொல்லுங்கள், பார்க்கட்டும்.

சரி, 21 என்ற எண் மட்டும் ஏன் விட்டுப்போனது? வசன எண்கள் பைபிளோடு பிறந்தவை அல்ல. புதிய ஏற்பாட்டுக்கு இன்றைய வசன எண்களைப் போட்டவர் ரொபேர் எஸ்தியேன் என்ற பிரெஞ்சு அச்சகக்காரர், 1551-இல். அவர் கையில் இருந்த அச்சுப் புத்தகத்தில் இந்த வசனம் இருந்தது, அதற்கும் ஓர் எண் விழுந்தது. வரியை அடிக்குறிப்புக்கு இறக்கிய பிறகும் மற்ற எண்களை மாற்ற முடியாது. மாற்றினால் உலகம் முழுக்க மேற்கோள்கள் குழம்பிப்போகும். செக்ரோலில் (தோட்டத்து வருகைப் பதிவேட்டில்) பேர் பதிந்த ஆள் காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, வராத நாளில் அந்தக் கட்டம் காலியாகக் கிடக்குமே, அப்படித்தான் இதுவும். ஏமாற்ற நினைத்தவன் எண்களைச் சரிசெய்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பான். இங்கே ஓட்டையை அப்படியே விட்டு, பெரும்பாலான பதிப்புகளில் கீழே குறிப்பும் போட்டிருக்கிறார்கள். எனக்கு நம்பிக்கை வருவதே அந்தக் காலி இடத்தைப் பார்த்துத்தான்.

உங்கள் பைபிளில் அது இருப்பதற்கும் காரணம் உண்டு. நாம் 'பழைய பைபிள்' என்று சொல்லும் மொழிபெயர்ப்பு, ஹென்றி பவர் தலைமையில் பல சபையார் சேர்ந்து செய்து 1871-இல் வந்தது. அதற்கு முன்னே நீண்ட வரிசை இருக்கிறது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சிட்ட புதிய ஏற்பாடு (1715), பிறகு பெப்ரீசியஸ் பாதிரியாரின் மொழிபெயர்ப்பு, அதற்கும் பிறகு யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரோடு சைவப் பெரியவர் ஆறுமுக நாவலர் உட்கார்ந்து திருத்திய தமிழ். (பக்கத்து வீட்டுச் சைவ நண்பர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், ஆச்சரியப்படுவார்கள்.) 1871-இன் மொழிபெயர்ப்பு, இராஸ்மஸ் என்ற ஐரோப்பிய அறிஞர் 1516-இல் முதலில் அச்சிட்டு வெளியிட்ட கிரேக்க வாசகத்தின் மரபில் வருகிறது. அவர் கையில் இருந்தவை பிற்காலத்துப் பிரதிகள் சிலவே. வெளிப்படுத்தின விசேஷத்துக்கு ஒரே ஒரு பிரதி, அதிலும் கடைசித் தாள் கிழிந்துபோயிருந்ததால் அந்த வசனங்களை லத்தீனிலிருந்து அவரே கிரேக்கமாக்கினார். இதையெல்லாம் ஒளித்துவைக்கத் தேவையில்லை. உங்கள் பைபிளைச் செய்தவர்கள் கையில் கிடைத்ததை வைத்து உண்மையாக வேலை செய்தார்கள். மகனுடையதைச் செய்தவர்களுக்குக் கூடுதலான நோட்டுகள் கிடைத்தன.

வேறு வசனங்களும் இப்படி உண்டா என்று அடுத்துக் கேட்பீர்கள். உண்டு. அப்போஸ்தலர் 8:37, 1 யோவான் 5:7 இரண்டும் இதே வகை. பெரிய பகுதிகள் என்றால் மாற்கு 16:9 முதல் முடிவு வரை, யோவான் 7:53 முதல் 8:11 வரை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் சம்பவம் அந்த இரண்டாவது பகுதிதான். மேலே சொன்ன பழைய பிரதிகள் இரண்டிலும் இவை இல்லை. நான் யோவான் 8-ஐ இன்றும் விரும்பிப் போதிக்கிறேன், போதிக்கும்போது இந்த விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மற்றபடி, பிரதிகளுக்கிடையே உள்ள வித்தியாசங்களில் மிகப் பெரும்பாலானவை எழுத்துப் பிழையும் சொல் முன்பின் ஆவதும்தான்.

அப்படியானால் வெள்ளிக்கிழமை உபவாசம் வீணா? கிடையாது. "நீங்கள் உபவாசிக்கும்போது" என்று மத்தேயு 6:16-இல் இயேசுவே பேசுகிறார். மணவாளன் எடுபடும் நாளில் சீஷர்கள் உபவாசிப்பார்கள் என்று 9:15-இல் இருக்கிறது. அந்தியோகியாச் சபை உபவாசித்துத்தான் பவுலையும் பர்னபாவையும் அனுப்பியது. ஆட்டம் காண்பது ஒன்றே ஒன்று: 'உபவாசம் இருந்தால்தான் பிசாசு போகும்' என்கிற சூத்திரம். மாற்கு 9:29-இல் உங்கள் பைபிள் உபவாசத்தையும் சேர்த்துச் சொல்லும், ஆனால் அந்தப் பழைய பிரதிகள் 'ஜெபம்' என்று மட்டுமே சொல்கின்றன. வீட்டில் நோயாளி இருக்கும் குடும்பத்தைப் பார்த்து 'நீங்கள் சரியாக உபவாசிக்கவில்லை' என்று இந்த வசனத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

இதே வசனத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. "இந்த ஜாதிப் பிசாசு" என்று நீங்கள் வாசித்தபோது மகன் முகம் சுளித்திருப்பானே? அந்தத் தமிழில் ஜாதி என்றால் வகை, இனம். சகல ஜாதிகளையும் சீஷராக்குங்கள் என்பதும் எல்லா நாட்டு மக்களையும் என்பதுதான். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளைக்கு இது எப்படித் தெரியும்? அதனால்தான் இரண்டையும் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். உங்களுக்கு மனப்பாடமும் பாட்டும் பழைய பைபிளில் இருக்கின்றன, அதை விடாதீர்கள். அர்த்தம் தடுக்கும் இடத்தில் புதியதைப் பாருங்கள். அச்சுப் புத்தகம் வேண்டுமென்றால், கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து 1995-இல் கொண்டுவந்த திருவிவிலியம் படிக்க எளிது. கத்தோலிக்கப் பதிப்பில் கூடுதலாகச் சில நூல்கள் இருக்கும், திடுக்கிட வேண்டாம்.

இப்போது வாக்குத்தத்த அட்டை. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு..." என்று தொடங்குகிற வசனம். அட்டையில் அது தனியாக நிற்கிறது. பைபிளில் அது ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது. கி.மு. 597-இல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ஒரு கூட்டத்தைப் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போனான். அந்த ஜனங்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது.

கடிதத்துக்கு முந்தின அதிகாரத்தை வாசியுங்கள். அனனியா என்ற தீர்க்கதரிசி எல்லார் முன்னாலும், இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்கிறான். கேட்க இனிமையாக இருந்திருக்கும். எரேமியா அனுப்பிய கடிதமோ, வீடு கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள் என்கிறது. காரணம் 10-ஆம் வசனத்தில்: எழுபது வருஷம் ஆகும். அதை ஒட்டித்தான் 11 வருகிறது. கடிதம் கைக்கு வந்தபோது நாற்பது வயதாயிருந்தவர் ஊர் திரும்பியிருக்க முடியாது. அவருக்கும் சேர்த்துத்தான் அந்த வாக்குத்தத்தம்.

என் தாத்தா, தோட்டத்துக்கு ஆள் சேர்க்க வந்த கங்காணியோடு கப்பலேறும்போது மூன்று வருஷத்தில் திரும்பிவிடலாம் என்றுதான் சொல்லிவிட்டு வந்தாராம். சுங்கை சிப்புட்டிலேயே அடக்கமானார். பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற தோட்டத் துண்டாடல் காலத்தில் எங்கே போவது என்று தெரியாமல் நின்ற குடும்பங்களைப் பற்றி அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். எரேமியா 29 எங்களைப் போன்றவர்களுக்கு வந்த கடிதம் மாதிரியே இருக்கும். ஆனால் அதில் 'இந்த வருஷம் வீடு போகாது' என்ற வரி கிடையாது.

தமிழில் வாசிக்கிற நமக்கு இங்கே ஒரு வசதி உண்டு, பாதிப் பேர் கவனிப்பதில்லை. பழைய பைபிளில் கர்த்தர் ஒரே ஆளிடம் பேசினால் 'நீ, உன்' என்றுதான் பேசுவார். மரியாதைக்காக 'உங்கள்' போட மாட்டார். ஆக, கர்த்தர் 'உங்கள்' என்றால் அது ஒரு கூட்டத்துக்கு. எரேமியா 29:11-இல் இருப்பது "உங்கள்பேரில்". அட்டையை எடுக்கும்போது அது நமக்கு மட்டும் மரியாதையாகச் சொன்னது போலக் காதில் விழுகிறது. யோசுவா 1:5-இல் "உன்னைக் கைவிடுவதுமில்லை" என்பது யோசுவா என்ற ஒருவருக்குச் சொன்னது, அதையே எபிரெயர் 13:5 எல்லா விசுவாசிகளுக்கும் எடுத்துச் சொல்கிறது. ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது, ஒருமைக்கும் பன்மைக்கும் அங்கே ஒரே சொல். அட்டை எடுப்பது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், நானும் எடுக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் அந்த அதிகாரத்தை முழுக்க வாசித்துவிட்டுத்தான் அட்டையைப் பைபிளுக்குள் வைப்பேன்.

உங்கள் விசுவாசத்தில் குறையா என்று கேட்டீர்கள். தோட்டத்தை விற்றவர்கள் உங்கள் விசுவாசத்தை அளந்து பார்த்துவிட்டு விற்கவில்லை அக்கா. அதற்கு மேல் சொல்ல வேண்டுமென்றால், நாம் தொடங்கிய சம்பவத்துக்கே திரும்புவேன். அங்கே அவிசுவாசத்துக்காகத் திட்டு வாங்குகிறவர்கள் ஊழியத்துக்குப் போன சீஷர்கள். பையனின் தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று பாதி விசுவாசத்தோடு கத்துகிறான். அவன் பிள்ளை அன்றைக்கே எழுந்து நின்றது.

வருகிற வெள்ளிக்கிழமை வாசிக்கும் முறை உங்களுக்கு வந்தால், மாற்கு 9:14 முதல் 29 வரை நிறுத்தாமல் வாசியுங்கள். 24-ஐ மட்டும் மகனிடம் விடுங்கள், போனில் இருக்கிறபடியே வாசிக்கட்டும். உங்கள் பைபிளில் "கண்ணீரோடே" என்று ஒரு சொல் இருக்கும், அவனுடையதில் பெரும்பாலும் இருக்காது. ஏன் என்று அவனையே அடிக்குறிப்பில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.