ஜெர்மனிக்கு எம்.எஸ். படிக்கப் போகிறேன், அந்த இரண்டு வருடத்தை வீணாக்காமல் இருக்க என்ன செய்யலாம்?

கேள்வி கேட்டவர் அக்டோபரில் கிளம்புகிறாராம். "பாடம் எப்படியும் படித்துவிடுவேன், மற்றபடி பல்கலைக்கழக வாழ்க்கையை முழுசாக அனுபவிப்பது எப்படி?" என்று கேட்டிருக்கிறார். அந்த "எப்படியும் படித்துவிடுவேன்" என்ற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் 2018இல் ஆஹன் நகரத்தில் பெட்டியோடு இறங்கியபோது நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் கோவில்பட்டிக்காரன், கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் படித்தவன். அங்கே வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் ஹெச்.ஓ.டி. வீட்டுக்கு ஃபோன் போடுவார், அப்பா பஸ் ஏறி வருவார். நாலு வருடமும் யாராவது ஒருவர் பின்னாலேயே விரட்டிக்கொண்டிருந்தார்கள், அதைத் திட்டிக்கொண்டே அதற்குப் பழகியும் போயிருந்தேன். ஜெர்மனியில் யாரும் விரட்ட மாட்டார்கள். விரிவுரைக்குப் போகாவிட்டால் ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. பல பாடங்களில் செமஸ்டர் முழுக்க ஒரு அசைன்மென்ட்கூட இருக்காது, கடைசியில் ஒரே தேர்வு, மொத்த மார்க்கும் அதில்தான். அதற்கும் நீங்களாகவே ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும், கெடு உண்டு. முதல் செமஸ்டரிலேயே அந்தக் கெடுவைக் கோட்டைவிட்டேன். ஃபைன் கட்டி எழுதிவிடலாம் என்று நம்மூர் நினைப்பில் அலுவலகத்துக்குப் போய் நின்றால், அங்கிருந்த அம்மா மிகவும் மரியாதையாக, அடுத்த முறை எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். தப்பு முழுக்க என்னுடையதுதான்.

அந்த ஊரில் கதவு எல்லாம் திறந்துதான் இருக்கும், ஆனால் வா என்று யாரும் கூப்பிட மாட்டார்கள். இதைப் புரிந்துகொள்ள எனக்கு முழுசாக ஆறு மாதம் ஆனது.

பேராசிரியர்களுக்கு "ஷ்ப்ரெக்‌ஷ்டுண்டே" என்று வாரத்தில் ஒரு நேரம் உண்டு, மாணவர்கள் போய்ப் பேசுவதற்காகவே ஒதுக்கியது. நம்மூரில் ஸ்டாஃப் ரூமுக்குப் போனாலே ஏதோ பிரச்சினை என்று அர்த்தம் இல்லையா, அந்தப் பயத்தில் நான் போகவே இல்லை. அப்புறம் "ஐன்ஸிஷ்ட்". தேர்வு முடிவு வந்த பிறகு ஒரு நாள் திருத்திய விடைத்தாளை உங்கள் கையில் கொடுத்துப் பார்க்க விடுவார்கள், மார்க் கூட்டலில் பிழை இருந்தால் அங்கேயே கேட்கலாம். ஜெர்மன் மாணவர்கள் வரிசையில் நிற்பார்கள், நம் ஆட்கள் "பாஸ் ஆயிடுச்சே, எதுக்குடா" என்று பிரியாணி செய்யப் போய்விடுவார்கள். நான் இரண்டாவது செமஸ்டரில் போனேன். மார்க் ஒன்றும் கூடவில்லை (அங்கே மார்க்கும் தலைகீழ், 1.0தான் உச்சம், 4.0 பாஸ்), ஆனால் விடைத்தாளைக் காட்டிய ஆராய்ச்சி உதவியாளரிடம் அரை மணி நேரம் அந்தக் கணக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன், அடுத்த மாதம் அவருடைய ஆய்வகத்திலேயே எனக்கு "ஹிவி" வேலை கிடைத்தது. ஹிவி என்றால் பல்கலைக்கழகத்திலேயே பார்க்கும் மாணவர் உதவியாளர் வேலை. வெளி வேலைக்கு மாணவர் விசாவில் வருடத்துக்கு இத்தனை நாள்தான் என்று வரம்பு உண்டு, என் காலத்தில் 120 முழு நாள், இப்போது 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். ஹிவி வேலை அந்தக் கணக்கில் சேராது. பழைய வினாத்தாள் வேண்டுமென்றால் "ஃபாக்‌ஷாஃப்ட்" என்ற துறை மாணவர் குழுவிடம் கேளுங்கள், சீனியர் நோட்ஸுக்கு அலைய வேண்டியதில்லை. பெரும்பாலான இடங்களில் ஒரு பாடத்துக்கு மூன்றே வாய்ப்பு, மூன்றிலும் போனால் படிப்பே போய்விடும், அதனால் அரியர் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியத்தை ஏர்போர்ட்டிலேயே இறக்கி வைத்துவிடுங்கள்.

சரி, பாடம் போதும்.

முதல் குளிர்காலம் மோசமாக இருந்தது. டிசம்பரில் காலை எட்டரை மணிக்குத்தான் விடியும், மாலை நாலரைக்கு இருட்டிவிடும். நாங்கள் ஐந்து தமிழ்ப் பையன்கள், ஒரே சமையலறை, ஒரே ரசம், ஒரே யூடியூப். அது தப்பு என்று சொல்லவே மாட்டேன், காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தது அந்த நாலு பேர்தான். ஆனால் பிப்ரவரியில் கணக்குப் பார்த்தால் ஐந்து மாதத்தில் எங்கள் வட்டத்துக்கு வெளியே நான் பேசியது சூப்பர் மார்க்கெட் கேஷியரிடம் மட்டும்.

அதை உடைத்தது ஹாக்கி. கோவில்பட்டியில் பிறந்துவிட்டு ஹாக்கி மட்டையைத் தொடாமல் வளர முடியாது, பிளஸ் டூவோடு விட்டிருந்தேன். பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவின் பட்டியலை ஒரு நாள் சும்மா புரட்டியபோது கண்ணில் பட்டது, ஒரு செமஸ்டருக்கு இரண்டு மூன்று பிரியாணி காசுதான். அங்கே குளிர்காலத்தில் உள்ளரங்கில் ஆடுவார்கள், அணிக்கு ஆறு பேர், பந்தைத் தள்ளத்தான் வேண்டும், அடிக்கக் கூடாது. இது தெரியாமல் முதல் நாள் நான் கோவில்பட்டி மண் தரையில் அடிப்பதுபோல் ஓங்கி ஒன்று வைத்தேன். ஹாலே அமைதியாகிவிட்டது. அப்புறம் ஒருத்தன் சிரித்துக்கொண்டே வந்து எந்த ஊர் என்று கேட்டான். ஏ2 என்ற அடிப்படை நிலை வரை வகுப்பில் படித்த ஜெர்மன் எனக்கு வாயில் வந்தது அந்தக் கூட்டத்தில்தான், "தள்ளு", "பின்னாடி ஆள்", "உன் தப்பு" என்று. உங்களுக்கு ஹாக்கி வேண்டாம், கோரஸ் பாடுங்கள், மலை ஏறுங்கள், எதுவானாலும் வாராவாரம் அதே முகங்களைப் பார்க்கிற மாதிரி ஒன்றாக இருக்கட்டும். அறிமுக வாரத்தில் நூறு பேரிடம் கை குலுக்கியதில் ஒருவர்கூட எனக்கு மிஞ்சவில்லை.

ஊர் சுற்றுங்கள். அப்போது என் மாணவர் அட்டையைக் காட்டினாலே மாநிலம் முழுக்கச் சாதாரண ரயிலில் போகலாம், 2019 கோடையில் அப்படித்தான் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோவில் தேருக்குப் போனேன். ஈழத்தமிழர்கள் கட்டிய கோவில், 2002இல் குடமுழுக்கு நடந்தது, தொழிற்பேட்டைப் பகுதியில் திடீரென்று கோபுரம் எழுந்து நிற்கும். காவடி எடுத்த பிள்ளைகள் தங்களுக்குள் ஜெர்மனில் பேசிக்கொண்டிருந்தார்கள். பந்தியில் ஒரு பெரியவர், "தம்பி எவடம்? இந்தியாவே? இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்றார். ஒன்பது மாதத்தில் முதல் முறையாகச் சாப்பிட்டுக்கொண்டே அழுதேன்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக: முடக்கக் கணக்கில் (விசாவுக்காகச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு வைக்கும் வங்கிக் கணக்கு) இப்போது வருடத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும், மாதம் 992 கைக்கு வரும். வாடகை குறைவாகக் கிடைத்தால் போதும், முதல் செமஸ்டரில் வேலைக்கு ஓடாதீர்கள். இரவு கிடங்கில் பெட்டி தூக்கிய நண்பன் பகலில் விரிவுரையில் தூங்கினான், சம்பாதித்ததைவிட அதிகமாக ஒரு கூடுதல் செமஸ்டருக்குச் செலவழித்தான்.

விரிவுரை முடிந்ததும் எல்லோரும் மேஜையைத் தட்டுவார்கள், பயப்படாதீர்கள், அது கைதட்டல். குக்கர் கட்டாயம் கொண்டுபோங்கள், ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் விசில் வேண்டாம். எங்கள் கீழ் வீட்டுக்காரருக்கு நான் அப்படித்தான் அறிமுகமானேன்.