பீர் பயணத்தில் பிள்ளைகளுக்கும் இடம் உண்டா?

கேள்வி: ஜூன் மாதம் குடும்பத்தோடு எட்டு நாள் மியூனிக் போகிறோம். ஜெர்மன் பீர் வகைகள்மீது எனக்குப் பல வருட ஈடுபாடு; பீர் காய்ச்சும் ஆலைகளான ப்ரூவரிகளில் பன்னிரண்டையாவது பார்க்க ஆசை. மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5. குடிப்பழக்கம் இல்லாத மனைவி, “பிள்ளைகளை நாள் முழுக்க பாரில் உட்காரவைக்க மாட்டேன்” என்கிறார். எப்படித் திட்டமிடுவது?

பதில்: உங்கள் மனைவி சொல்வது நியாயம். முதல் வேலையாக, பன்னிரண்டை நான்காகக் குறையுங்கள். அடுத்து, “பகல் பிள்ளைகளுக்கு, சாயங்காலம் எனக்கு” என்று நாளைப் பங்கு போடாதீர்கள். அப்படிப் போட்டால், பிள்ளைகள் களைத்துப்போய்ச் சிணுங்கும் நேரம்தான் உங்கள் பங்காக வந்து சேரும். மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் அந்தப் பாகப்பிரிவினைக்கே அவசியம் இல்லை. அங்கே பீர் கார்டன் என்பது பாட்டி முதல் பேரன்வரை மரநிழலில் கூடும் திறந்தவெளி இடம். பார் என்றதும் நம் மனத்தில் எழும் இருட்டறைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

அதற்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டிலிருந்து கோடையில் பீர் காய்ச்சத் தடை இருந்ததால், முன்கூட்டியே காய்ச்சி நிலவறைகளில் சேமித்தார்கள். அவை குளிர்ச்சியாக இருக்க மேலே செஸ்நட் மரங்களை நட்டுச் சரளைக்கல் பரப்பினார்கள். அந்த நிழலிலேயே ப்ரூவரிக்காரர்கள் பீர் விற்கத் தொடங்க, விடுதிக்காரர்கள் மன்னரிடம் முறையிட்டார்கள். 1812இல் மன்னர் முதலாம் மாக்சிமிலியன் யோசப், பீரும் ரொட்டியும் விற்கலாம், சாப்பாடு விற்கக் கூடாது என்று ஆணையிட்டார். மக்கள் வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தார்கள். அந்த உரிமை இன்றும் இருக்கிறது. மேசை விரிப்பு போடாத சுயசேவைப் பகுதியில் உங்கள் எலுமிச்சை சாதத்தைத் தாராளமாகப் பிரித்து வைக்கலாம். பானத்தை மட்டும் அங்கேயே வாங்க வேண்டும்.

முதல் நாள் ஹிர்ஷ்கார்டன் போங்கள். ஏறக்குறைய 8,000 பேர் உட்காரக்கூடிய தோட்டம். வேலிக்கு அந்தப் பக்கம் மான்கள் மேயும். சுற்றியுள்ள பூங்காவில் பெரிய விளையாட்டுத் திடலும் உண்டு. அங்கே ஒரு பழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். அடுக்கில் இருக்கும் கனத்த கண்ணாடிக் குவளையை நீங்களே எடுத்து, தண்ணீரில் அலசிக்கொண்டுபோய் பீர் பிடிக்க வேண்டும். அலசும் வேலையை மகளிடம் கொடுத்துப் பாருங்கள்; இரண்டு கையாலும் பிடித்து, முழங்கைவரை நனைத்துக்கொண்டு வருவாள். நகரின் நடுவே இங்கிலீஷ் கார்டனில் சீனக் கோபுரத்தடித் தோட்டமும் நல்ல தேர்வு. பக்கத்திலேயே நூறாண்டு கடந்த மரக்குதிரை ராட்டினம் இருக்கிறது.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. பிரெட்ஸல் என்ற முடிச்சு ரொட்டியோடு தொட்டுக்கொள்ளும் ஒபாட்ஸ்டா என்ற பாலாடைக்கட்டி மசியலில் சிலர் கொஞ்சம் பீர் சேர்ப்பார்கள். கேட்டுவிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். குடிக்க அவர்களுக்கு ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த ஆப்ஃபெல்ஷோர்லெ போதும்.

இனி உங்கள் குவளை. அங்கே மாஸ் என்றால் முழு லிட்டர் குவளை. ஹெல்லஸ் என்ற சாதாரண வெளிர்நிற பீரானாலும் அதில் சுமார் 40 கிராம் ஆல்கஹால் இருக்கும். அரை லிட்டராகக் கேளுங்கள். இரண்டாவது சுற்றுக்கு வைஸ்பீர் என்ற கோதுமை பீர் ஆல்கஹால் இல்லாமல் அநேகமாக எல்லா இடத்திலும் கிடைக்கும், அதுவும் நன்றாகவே இருக்கும். ஐந்து வயதுப் பையன் சறுக்குமரத்தில் இருக்கும்போது, “அம்மாதான் குடிக்கவில்லையே” என்று காவலை முழுவதும் அவர் தலையில் கட்டாதீர்கள். அவருக்கும் அது விடுமுறைதான்.

எட்டு நாளில் சிறந்த நாளாக அமையப்போவது ஆண்டெக்ஸ் மடாலயம். எஸ்8 ரயிலில் ஹெர்ஷிங் இறங்கினால், ஓடையை ஒட்டிக் காட்டுக்குள் ஏறும் கீன்டால் பாதை இருக்கிறது. சிறுவன் கல் பொறுக்கி ஓடையில் எறிந்துகொண்டே நடப்பான். முடியாவிட்டால் பஸ் உண்டு. மேலே பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடத்து பீர். டாப்பல்பாக் என்ற அவர்களுடைய கறுத்த, வலுவான பீரில் ஆல்கஹால் 7 சதவீதத்துக்கும் மேல், ஆகவே ஒன்றே போதும். இறங்கி வந்து அம்மர் ஏரியில் பிள்ளைகளைக் கால் நனைக்க விடுங்கள்.

பாம்பெர்க் நகரின் புகை பீரை விட்டுவிட உங்களுக்கு மனம் வராது என்று தெரியும். அதற்காக மியூனிக்கிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பாதீர்கள். நியூரம்பெர்கில் இரண்டு இரவு தங்குங்கள். பக்கத்து ஊரான ஸிர்ன்டார்ஃபில் பிளேமொபில் பொம்மைகளின் விளையாட்டுப் பூங்கா இருக்கிறது. ஒரு பகலை முழுவதும் அதற்குக் கொடுங்கள். மறுநாள் உள்ளூர் ரயிலில் பாம்பெர்க். பீச் மர நெருப்பில் உலர்த்திய மால்ட்டின் (முளைகட்டிய பார்லியின்) வாசனை ஷ்லெங்கெர்லா என்ற பீர் விடுதியில் முதல் மிடறிலேயே ஏறும். இரண்டாவது குவளையில்தான் பிடிபடும், அவசரப்படாதீர்கள். மாநிலத்து உள்ளூர் ரயில்களில் ஒரு நாள் செல்லும் பவேரியா டிக்கெட் எடுத்தால் இரண்டு பிள்ளைகளுக்கும் தனிக் கட்டணம் இல்லை. வாரநாட்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும்.

ப்ரூவரிக்குள் சுற்றிக்காட்டும் நிகழ்ச்சியை முன்பதிவு செய்யுமுன் வயது வரம்பைப் பாருங்கள். ஓரிடத்தில் என் மகளைச் சேர்க்க மறுத்து, வாசலிலேயே திரும்பியிருக்கிறேன். அதற்கு ஒரு காலை நேரத்தைத் தனியாக ஒதுக்கி, நீங்கள் மட்டும் போய்வாருங்கள். அந்த மூன்று மணி நேரம் மனைவியும் பிள்ளைகளும் டாய்ச்சஸ் மியூசியம் என்ற அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கலாம். 3 முதல் 8 வயதுக்காரர்களுக்கு அங்கே தனிப் பகுதியே உண்டு. அதற்கு ஈடாக இன்னொரு காலை பிள்ளைகள் உங்கள் பொறுப்பு. அன்று தான் எங்கே போவது என்பதை மனைவியே முடிவு செய்யட்டும்.